முதல் பாகம் பிடித்துப்போய் மூன்றாம் பாகத்தில் ஏமாறுகிறவர்களுக்கு: இளையோர் டிஸ்டோபியன் நாவல்களுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த கையோடு மூன்று பாகமும் சேர்ந்த ஒரு டிஸ்டோபியன் (கொடுங்கோல் ஆட்சிக்குள் நடக்கும் எதிர்காலக் கதை) பாக்ஸ் செட் வாங்கினாள். முதல் புத்தகம் இரண்டே நாளில் முடிந்தது, சாப்பிடக் கூப்பிட்டால்கூட எழுந்து வரவில்லை. இரண்டாவதற்குப் பத்து நாள் ஆனது. மூன்றாவது, நூறாவது பக்கத்துக்கு அருகில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்தபடி, ஒன்றரை வருடமாக அலமாரியில் நிற்கிறது. "எனக்குத்தான் பொறுமை இல்லையா மாமா?" என்று கேட்டாள்.

அவளுக்குப் பொறுமை நிறையவே உண்டு. இந்த வகை நாவல்களில் பெரும்பாலானவை சரிகிற இடம் அதுதான். நானும் பல வருடமாக இவற்றைப் படித்து வருகிறேன், பாதிக்கு மேல் ஏமாற்றம். ஆனால் மிச்சம் இருக்கிற நல்லவை உண்மையிலேயே நல்லவை. அவற்றைத் தொடும் முன்பே ஒரு பதினாலு வயதுப் பிள்ளை "இந்த வகையே இப்படித்தான்" என்று ஒதுங்கிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். ஒரு எச்சரிக்கை: மூன்றாம், நான்காம், ஐந்தாம் படிகளில் சில தொடர்களின் முடிவுகள் வருகின்றன. ஏமாற்றத்தைப் பற்றிப் பேசிவிட்டு முடிவைச் சொல்லாமல் இருக்க எனக்கு வழி தெரியவில்லை. ஸ்பாய்லர் வேண்டாம் என்றால் அந்த மூன்றையும் தாண்டிவிடுங்கள்.

முதல் படி: கையில் இருப்பது என்ன கதை என்று பாருங்கள்

டிஸ்டோபியன் கதையில் ஒரு அரசோ அமைப்போ இருக்கும், அது மனிதர்களை ஒழுங்குபடுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு நசுக்கும். பேரழிவுக்குப் பிந்தைய கதையில் பெரும்பாலும் அரசே இருக்காது, கரண்ட் போய், கடை மூடி, மிஞ்சியவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதுதான் கதை. இரண்டும் கலந்தும் வரும். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலில் வரும் ரோபோ நாய் ஜீனோவோடு வளர்ந்தவர்களுக்கு முதல் வகை புதிதே இல்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதில்தான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008-ல் வந்து பெரிய வெற்றி பெற்றதும், அடுத்த நான்கைந்து வருடம் டிஸ்டோபியா என்ற முத்திரையோடு புத்தகங்கள் வரிசை கட்டி வந்தன. அவற்றில் பல உள்ளுக்குள் காதல் கதைகள். கீரா காஸ் எழுதிய 'தி செலக்‌ஷன்' (2012) நல்ல உதாரணம். இளவரசனை மணக்க 35 பெண்கள் அரண்மனையில் போட்டி போடுகிறார்கள், நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை எண் போட்ட சாதிகள். கலைஞர்கள் ஐந்து, வேலைக்காரர்கள் ஆறு, வீடற்றவர்கள் எட்டு. சாதி என்றால் என்னவென்று தெரிந்த நாம் இதைப் படிக்கும்போது எதையோ எதிர்பார்க்கிறோம். தண்ணீர்க் குடம், தெரு, கல்யாணப் பேச்சு, வசவுச் சொல் என்று சாதி வேலை செய்யும் நூறு இடங்கள் நமக்குத் தெரியும். அந்தப் புத்தகத்திலோ கவுன்களும் அரண்மனை அறைகளும்தான் சாதியைவிட விரிவாக வருகின்றன. காதல் கதையாக எடுத்தால் விறுவிறுவென்று போகும், பிடித்திருந்தால் தாராளமாகப் படியுங்கள். சமூகத்தைப் பற்றிய கதை என்று நம்பி எடுத்தால் கோபம்தான் வரும்.

ஆகவே பின்னட்டையைப் படியுங்கள். அதில் இரண்டு ஆண்களின் பெயரும் 'யாரைத் தேர்ந்தெடுப்பாள்' என்கிற தொனியும் மட்டும் இருந்தால், அது எந்த வகை என்று தெரிந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சோறு எங்கிருந்து வருகிறது?

நான் பெரிதாக நம்புவது இந்த ஒரு சோதனையைத்தான். எந்த நாவலானாலும் முதல் ஐம்பது பக்கத்துக்குள் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த உலகத்தில் இவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அதை யார் விளைவிக்கிறார்கள், அது கிடைக்க இவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள்? இதற்கு ஆசிரியரிடம் பதில் இருந்தால் அவர் அந்த உலகத்தில் வாழ்ந்து பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். பதில் இல்லையென்றால் அவரிடம் ஒரு யோசனை மட்டும்தான் இருக்கிறது, நானூறு பக்கத்துக்கு அது தாங்காது.

'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலில், வருடாவருடம் குலுக்கலில் தேர்வாகும் பிள்ளைகள் ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். படித்தவர்கள் பலருக்கும் அந்தச் சண்டைக் களம்தான் நினைவிருக்கும். எனக்கு நிற்பது டெசரா கணக்கு, அதாவது சாப்பாட்டுக்காகக் கூடுதல் சீட்டு போடும் கணக்கு. பன்னிரண்டு வயதானதும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் குலுக்கலில் ஒரு சீட்டாகச் சேரும், ஒவ்வொரு வருடமும் ஒன்று கூடும். ஏழை வீட்டுப் பிள்ளை கூடுதலாக ஒரு சீட்டு போட ஒப்புக்கொண்டால், ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கான தானியமும் எண்ணெயும் கிடைக்கும், அதுவும் அரைகுறையாக. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்காகவும் இப்படிப் போடலாம். நாயகி காட்னிஸ் தனக்கு, அம்மாவுக்கு, தங்கைக்கு என்று வருடம் மூன்று சீட்டு போடுகிறாள். பதினாறு வயதில் அவள் பெயர் 20 தடவை இருக்கிறது, அவள் நண்பன் கேல் பெயர் 42 தடவை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் அதே குலுக்கலில் வெறும் நாலைந்து சீட்டோடு நிற்கிறார்கள். எல்லோருக்கும் சமமான குலுக்கல் என்று அரசு சொல்வது எப்படிப் பொய் என்பதையும், பசி எப்படி ஏழைகளையே ஒருவர் மீது ஒருவர் பொறாமைப்பட வைக்கிறது என்பதையும் சூசன் காலின்ஸ் ஒரு ரேஷன் கணக்கில் காட்டிவிடுகிறார். அப்புறம் அவளோடு களத்துக்குப் போகும் பீட்டா முன்பு மழையில் வீசிய கருகின ரொட்டி, களத்தில் தோழியான சின்னப் பெண் ரூ இறந்த பிறகு அவள் ஊர்க்காரர்கள் அனுப்புகிற ரொட்டி, இரண்டாம் பாகத்தில் தலைநகர விருந்தில் இன்னும் சாப்பிடுவதற்காக வாந்தியெடுக்கக் குடிக்கிற பானம் என்று தொடர் முழுக்க இதே கயிறுதான் ஓடுகிறது. பானெம் என்கிற நாட்டின் பெயருக்கே லத்தீனில் ரொட்டி என்றுதான் பொருள்.

இதே சோதனையில் நன்றாகத் தேறுகிற இன்னொன்று பாவ்லோ பாச்சிகலூப்பியின் 'ஷிப் பிரேக்கர்' (2010). கடல் ஏறிவந்து ஊர்களை விழுங்கிய அமெரிக்க வளைகுடாக் கரையில், கரைதட்டி நிற்கும் பழைய எண்ணெய்க் கப்பல்களுக்குள் ஒரு பையன் குழாய் குழாயாக ஊர்ந்துபோய்ச் செப்புக் கம்பியைப் பிய்த்து எடுக்கிறான். உடம்பு சின்னதாக இருப்பதால்தான் அவனுக்கு அந்த வேலை. வளர்ந்துவிட்டால் குழாய்க்குள் நுழைய முடியாது, வேலை போய்விடும் என்பது அவன் பயம். ஒரு பிள்ளை தன் உடம்பு வளர்வதைப் பார்த்துப் பயப்படுகிறான் என்ற ஒரு விஷயம் போதும், அந்த உலகம் முழுவதும் நமக்குப் புரிந்துவிடுகிறது. குஜராத்தின் ஆலங் கரையில் கப்பல் உடைக்கும் தொழிலைப் பற்றிப் படித்திருக்கிறவர்களுக்கு இது எதிர்காலக் கதையாகவே தோன்றாது.

இந்தச் சோதனை எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆலி காண்டியின் 'மேட்ச்டு' (2010) நாவலில் ஒவ்வொருவருக்கும் அளந்த சாப்பாடு வீட்டுக்கே வரும், வாழ்க்கைத் துணையை அரசு தேர்ந்தெடுக்கும், எண்பது வயதில் சாவு, பழைய கவிதைகளில் நூறு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் அழிப்பு. உலகம் அழகாகவே கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் இரண்டாம் பாகம் அந்த ஊரை விட்டுவிட்டுப் பாறைப் பள்ளத்தாக்குகளுக்குள் நடக்க ஆரம்பித்துவிடுகிறது, நாம் எதற்காக வந்தோமோ அது பின்னால் தங்கிவிடுகிறது.

மூன்றாம் படி: இந்தக் கொடுமையால் யாருக்கு ஆதாயம்?

நிஜத்தில் எந்தக் கொடுங்கோல் அரசும் சும்மா கொடுமை செய்வதில்லை. நிலம், கூலியில்லா உழைப்பு, பயம், வரி என்று ஏதாவது ஒன்று யாருக்காவது போய்ச் சேரும். நாவலில் இது தெரியவில்லை என்றால் வில்லன் வெறும் அட்டைப் பொம்மை.

லாரன் ஆலிவரின் 'டெலிரியம்' (2011) எனக்கு இந்த இடத்தில்தான் சறுக்கியது. காதல் ஒரு நோய், பதினெட்டு வயதில் எல்லோருக்கும் சிகிச்சை செய்து அதை அகற்றிவிடுவார்கள். மொழிநடை அழகு, லீனா என்கிற பெண்ணின் பயம் உண்மையான பயம், சில பக்கங்களை நான் திரும்பப் படித்தேன். ஆனால் நாடு முழுக்க ஒவ்வொரு மூளையிலும் கைவைக்கிற அளவுக்கு ஒரு அரசு செலவு செய்கிறது என்றால் ஏன்? அமைதிக்காக என்கிறார்கள். யாருடைய அமைதிக்கு? இந்தக் கேள்வி மூன்று பாகமும் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. 2013-ல் வந்த மூன்றாம் பாகமோ, சுவர்களை உடையுங்கள் என்ற அறைகூவலோடு, யாருக்கு என்ன ஆனது என்று பெரும்பாலும் சொல்லாமலேயே முடிகிறது. அது ஆசிரியரின் தேர்வு, எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு வருடம் காத்திருந்த வாசகருக்கு அது போதாது.

இதற்கு நேர்மாறு நீல் ஷஸ்டர்மேனின் 'அன்வைண்ட்' (2007). பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுக்குள் பெற்றோர் விரும்பினால் பிள்ளையின் உடலைப் பிரித்து உறுப்புகளாகக் கொடுத்துவிடலாம் என்பது சட்டம். கேட்கும்போது நம்பவே முடியாது. ஆனால் உறுப்பு யாருக்குப் போகிறது, டாக்டர்களுக்கு அதில் என்ன சௌகரியம், பெற்றோர் எந்த மனநிலையில் கையெழுத்துப் போடுகிறார்கள், காசில்லாத அரசு விடுதி எந்தப் பிள்ளையை முதலில் கழித்துக்கட்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட நம்பித்தான் ஆகவேண்டியிருக்கிறது.

நான்காம் படி: சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்ற கேள்வியில் ஜாக்கிரதை

இந்த வகையின் பெரிய ஏமாற்றங்கள் பலவும் ஒரே மாதிரி நடக்கின்றன, அது எப்படி என்று தெரிந்துவிட்டால் பாதி வருத்தம் குறையும். முதல் பாகம் ஒரு மூடிய இடத்தில் நடக்கும். நகரம், புதிர்ச்சுவர், களம். மூடிய இடத்துக்கு விதிகள் இருக்கும், விதிகள் இருந்தால் விறுவிறுப்பு தானாக வரும். வெளியே என்ன என்கிற கேள்வி நம்மை இழுத்துக்கொண்டு போகும். வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்தவர்களுக்கு அந்த 'தொடரும்' போடுகிற வித்தை நன்றாகவே தெரியும். சிக்கல் என்னவென்றால் மூன்றாம் பாகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். அதோடு இவை பெரும்பாலும் வருடத்துக்கு ஒன்றாக வந்தவை: 'மேஸ் ரன்னர்' 2009, 2010, 2011, 'டைவர்ஜென்ட்' 2011, 2012, 2013. யோசிக்க அவகாசம் குறைவு.

'மேஸ் ரன்னர்' எடுத்துக்கொள்ளுங்கள். நினைவு அழிக்கப்பட்ட பையன்கள், இரவில் மூடிக்கொள்ளும் ராட்சதச் சுவர்கள், தினமும் ஓடி வரைபடம் போடும் ஓட்டக்காரர்கள். ஜேம்ஸ் டாஷ்னரின் முதல் பாகத்தை இன்றைக்கும் யாருக்கும் கொடுப்பேன். ஏன் இதெல்லாம் என்ற பதில் வரும்போது? சூரியப் புயலுக்குப் பிறகு ஒரு மூளைநோய், அது தாக்காத பிள்ளைகளின் மூளை நெருக்கடியில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து மருந்து கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு ஏற்பாடும். உலகமே அழியும்போது இவ்வளவு இரும்பையும் கல்லையும் வைத்து ஒரு புதிர்க் கோட்டை கட்டினார்களா, ரத்தப் பரிசோதனையில் ஆரம்பித்திருக்கலாமே என்று தோன்றிய பிறகு முதல் பாகத்தின் பயமும் கரைந்துபோகிறது.

'டைவர்ஜென்ட்' எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம், ஏனென்றால் அதன் அடிப்படை அவ்வளவு வலுவானது. சிகாகோ நகரில் ஐந்து பிரிவுகள், பதினாறு வயதில் எதில் சேர்வது என்று நீயே எல்லோர் முன்னாலும் கையைக் கீறி ரத்தம் சொட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும், பெற்றோரை விட்டுப் போகிறாயா இருக்கிறாயா என்பது அந்தக் கணத்தில் தெரிந்துவிடும். படிப்பு, வேலை என்று பதினாறு பதினேழு வயதில் ஒரே தேர்வில் வாழ்க்கையை முடிவு செய்யச் சொல்லும் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் அந்தக் காட்சி சுடும். வெரோனிகா ராத் அதை எழுதிய வேகத்தை இன்றும் மதிக்கிறேன். ஆனால் மூன்றாம் பாகமான 'அலீஜியன்ட்' வேலிக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், நகரமே ஒரு மரபணுப் பரிசோதனை, எந்தப் பிரிவுக்குள்ளும் அடங்காதவர்கள் உண்மையில் பழுதில்லாத மரபணு உள்ளவர்கள் என்கிறது. தேர்வைப் பற்றிய கதை பிறப்பைப் பற்றிய கதையாக மாறிவிடுகிறது. அந்த மரபணுப் பாகுபாடு தவறு என்று அதே புத்தகம் வாதாடவும் செய்கிறது, நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் நாயகி ட்ரிஸ் தானாக எடுத்த முடிவுகளுக்கெல்லாம் பின்னால் ஒரு ஆய்வகம் வந்து நின்றுவிட்டது.

மூன்றாம் பாகத்தில் ட்ரிஸ் இறந்ததற்காகத்தான் நிறைய வாசகர்கள் கோபப்பட்டார்கள். என் குறை அதுவல்ல, அந்தச் சாவு அவள் குணத்துக்குப் பொருந்துகிறது. முதல் இரண்டு பாகமும் அவள் குரலில் மட்டும் வந்துவிட்டு மூன்றாவதில் திடீரென்று அவள் காதலன் டோபியாஸும் கதை சொல்லத் தொடங்கியதுமே பலருக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது, இரண்டு குரலுக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் யார் பேசுகிறார்கள் என்று அத்தியாயத் தலைப்பைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆக, செய்ய வேண்டியது இது: முதல் பாகத்தை ஒரு தனி நாவலாக நினைத்துப் படியுங்கள். முடிந்ததும் இரண்டு நாள் விடுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் மனதில் இருப்பது மனிதர்கள் என்றால் தொடருங்கள். வெளியே என்ன இருக்கிறது என்ற புதிர் மட்டும் அரித்துக்கொண்டிருந்தால் மூன்றாம் பாகத்தின் சுருக்கத்தை எங்காவது படித்துவிட்டு நகர்ந்துவிடலாம், அதில் ஒரு தப்பும் இல்லை.

ஐந்தாம் படி: ஏமாற்றம் யாருடையது என்று ஒரு தடவை கேளுங்கள்

'தி ஹங்கர் கேம்ஸ்' தொடரின் மூன்றாம் பாகமான 'மாக்கிங்ஜே' (2010) பற்றி நிறையப் பேர் குறை சொல்வார்கள். மெதுவாகப் போகிறது, காட்னிஸ் பாதி நேரம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், முடிவில் சந்தோஷமே இல்லை. நானும் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் தடவை படித்தபோதுதான் அது இருக்க வேண்டிய விதம் அதுதான் என்று பட்டது. காலின்ஸின் அப்பா வியட்நாம் போருக்குப் போய் வந்த விமானப் படைக்காரர். டிவியில் ரியாலிட்டி ஷோவுக்கும் ஈராக் போர்க் காட்சிக்கும் மாறி மாறிச் சானல் திருப்பும்போது இந்தக் கதை பிறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அப்படி ஒருவர் எழுதும் போரில் வெற்றிக் கொண்டாட்டம் எப்படி வரும்? புரட்சிக்காரர்களின் பதின்மூன்றாம் மாவட்டத்திலும் சாப்பாடு கிராம் கணக்கில் அளந்துதான், காலையில் கையில் அன்றைய அட்டவணையை மையால் அச்சடித்துவிடுவார்கள். நல்லவர்கள் பக்கமும் இப்படித்தான் இருக்கிறது என்று சோற்றிலேயே முதலில் காட்டிவிடுகிறார். தங்கையைக் காப்பாற்றத் தொடங்கிய கதை, அந்தத் தங்கையையே இழந்து முடிகிறது.

சில ஏமாற்றங்கள் இப்படி, புத்தகம் நம் ஆசைக்கு வளையாததால் வருவது. அதை வைத்து எறிந்துவிடாதீர்கள், ஒரு வருடம் கழித்துத் திரும்ப எடுங்கள்.

ஆறாம் படி: காசும் நேரமும்

பாக்ஸ் செட் வாங்காதீர்கள். முதல் பாகம் மட்டும், முடிந்தால் நூலகத்தில் அல்லது பழைய புத்தகக் கடையில். முதுகில் பாக எண் இருக்கிறதா பாருங்கள், நான் ஒரு கடையில் கேட்காமல் வாங்கி வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டாம் பாகம். ஈ-புக் என்றால் மாதிரி அத்தியாயம் இலவசமாக வரும், சோற்றுச் சோதனைக்கு அதுவே போதும். ஐம்பது பக்கத்தில் பிடிக்கவில்லையா, மூடிவிடுங்கள். படம் பார்த்துவிட்டுப் படிக்கலாமா என்று கேட்பார்கள். பார்க்கலாம், ஆனால் 'டைவர்ஜென்ட்' படங்கள் மூன்றோடு நின்றுவிட்டன, கடைசிப் புத்தகத்தை இரண்டாக வெட்டி முதல் பாதியை 2016-ல் வெளியிட்டார்கள், மறுபாதி எடுக்கப்படவே இல்லை.

எதில் தொடங்குவது

வயது பன்னிரண்டு பதின்மூன்று என்றால் லோயிஸ் லௌரியின் 'தி கிவ்வர்' (1993). சின்னப் புத்தகம், எளிய ஆங்கிலம், ஒற்றை நாவலாகவே படித்து நிறுத்தலாம். கடைசிப் பக்கம் என்ன சொல்கிறது என்று வீட்டில் இரண்டு பேர் படித்தால் இரண்டு பதில் வரும், அது நல்லதுதான். அடுத்து 'தி ஹங்கர் கேம்ஸ்', அதற்கடுத்து 'ஷிப் பிரேக்கர்'. நீளமான தொடருக்குத் தயார் என்றால் பேட்ரிக் நெஸ்ஸின் 'கேயாஸ் வாக்கிங்' மூன்று பாகமும். முதல் பாகம் பாதியில் அறுந்தது போல முடியும், ஆனால் மூன்றாவது சரியவில்லை, சிறார், இளையோர் நூல்களுக்கான பிரிட்டனின் கார்னகி பதக்கமே அந்த மூன்றாம் பாகத்துக்குத்தான் கிடைத்தது. 'அன்வைண்ட்' பதினைந்துக்கு மேல். அதில் ஒரு பையனை நினைவோடு வைத்துக்கொண்டே பிரித்தெடுக்கும் அத்தியாயம் இருக்கிறது, ரத்தம் ஒரு துளிகூடக் காட்டாமல் எழுதியிருக்கிறார், எனக்கே அன்று தூக்கம் வரவில்லை. பிள்ளைக்குக் கொடுக்கும் முன் நீங்கள் படித்துவிடுங்கள்.

அக்கா மகளுக்கு நான் அடுத்ததாகக் கொடுத்தது சூசன் பெத் ஃபெஃபரின் 'லைஃப் ஆஸ் வி நியூ இட்' (2006). ஒரு விண்கல் மோதி நிலவு பூமிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, கடல் ஊருக்குள் ஏறுகிறது, குளிர் முன்னதாகவே வந்துவிடுகிறது. விஞ்ஞானப்படி இது நிற்காது, பரவாயில்லை. பென்சில்வேனியாவில் ஒரு வீட்டுக்குள் பதினாறு வயது மிராண்டா எழுதும் டைரிதான் கதை. சூப்பர் மார்க்கெட்டில் அள்ளி வந்த டப்பாக்களை எண்ணுவது, அம்மா பசியில்லை என்று சொல்லித் தன் வேளையைக் குறைத்துக்கொள்வதை மகள் கவனிப்பது, விறகு. அரசும் இல்லை, புரட்சியும் இல்லை. மூன்றாம் நாள் அக்கா போன் செய்து, "இவ ஏன்டா அரிசி டப்பாவைத் திறந்து திறந்து பார்க்கிறா?" என்று கேட்டாள். அந்தத் தொடரில் மேலும் மூன்று பாகங்கள் இருக்கின்றன. முதலாவதோடு நிறுத்தினாலும் எதுவும் பாதியில் நிற்காது. இரண்டாவது, அதே நிலவின் கீழ் நியூயார்க்கில் வேறொரு குடும்பத்தின் கதை, அதையும் தனியாகவே படிக்கலாம். அவள் இப்போது அதில்தான் இருக்கிறாள்.